ஐந்தாம் நம்பர் காற்று

என் அண்ணன் வாயிலிருந்து ‘எனக்குத் தெரியாது’ என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டால், பதில் தெரிந்த பிள்ளைகள் கையைத் தூக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே இவர் எழுந்து தப்பான பதிலைக் கணீரென்று சொல்லிவிட்டு உட்காருவாராம். இந்தத் திறமைக்கு ஏற்ற உத்தியோகம் உலகத்தில் அதிகம் கிடையாது. இருந்த ஒன்று அவருக்கே கிடைத்தது. பஸ் நிலையத்தில் ‘விசாரணை’ என்று பலகை மாட்டிய கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, வந்து கேட்பவர்களுக்கெல்லாம் பஸ் நேரம் சொல்லும் வேலை.

“ஆறே காலுக்கு இருக்கு. கடைசி பிளாட்பாரத்துல போய் நில்லுங்க” என்பார். அவர்களும் போய் நிற்பார்கள். பஸ் ஆறே காலுக்கு வந்தால், அது அண்ணன் சொன்னதால் வந்தது. வராவிட்டால் டிரைவர் சரியில்லை. ஒருமுறை மைக்கில் சொன்ன நேரத்தை மாற்றிச் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. தேவையென்றால் பஸ் தன்னை மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். தெருவில் அவருக்குப் பெயரே ‘விசாரணை’ ஆகிவிட்டது. நேரில் ‘விசாரணை சார்’ என்பார்கள். அந்த ஒரு ‘சார்’ அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அவர் வீட்டு மாடியில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். அதனால் கீழே நடப்பதை நான் ஒட்டுக்கேட்பதாக யாரும் நினைக்க வேண்டாம். அது தானாகவே படியேறி வந்துவிடும்.

இந்த வீட்டுக்கு வயரிங் செய்தது அண்ணியின் தம்பி. எலெக்ட்ரீஷியன், கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். விளக்குக்கு ஒரு நிறம், ஃபேனுக்கு ஒரு நிறம், காலிங்பெல்லுக்கு ஒரு நிறம் என்று தனித்தனியாக வயர் வாங்க வேண்டும் என்றான். அண்ணன் இடுப்பில் கைவைத்தபடி கேட்டுக்கொண்டார்.

“கலர் கலரா எதுக்குடா? சுவருக்குள்ள போற வயரை யாரு எட்டிப் பார்க்கப் போறா? ஒரே மஞ்சளா வாங்கிடு. பார்க்கவும் ஒழுங்கா இருக்கும்.”

“பின்னாடி ஏதாவது போச்சுன்னா எது எதோடதுன்னு தெரிய வேணாமா, மாமா?”

“எனக்குத் தெரியும்.”

“தெரியாத விஷயத்துல தலையிடாதீங்க, மாமா.”

கொத்தனார் இருந்தார், தச்சர் இருந்தார், பெயின்ட் அடிக்க வந்த இருவர் இருந்தார்கள், நானும் இருந்தேன். இத்தனை பேர் நடுவில், இத்தனை வருஷமாக ஊருக்கே வழி சொன்ன மனிதரைப் பார்த்து ‘தெரியாத விஷயம்’ என்று ஒருவன் சொன்னால் என்ன ஆகும்? மஞ்சள் வயர்தான் வாங்கப்பட்டது. அவனும் மறுபேச்சில்லாமல் மஞ்சளிலேயே வேலையை முடித்தான். ஆனால் போர்டை மூடுவதற்கு முன் தன் அக்காவின் தையல் பெட்டியிலிருந்து நூல் வாங்கி, ஒவ்வொரு வயர் நுனியிலும் ஒரு நிறம் சுற்றிக் கட்டினான். விளக்குக்குக் கறுப்பு, ஃபேனுக்குப் பச்சை, பெல்லுக்குச் சிவப்பு. அண்ணிக்கு அது தெரியும். அண்ணனுக்குத் தெரியாது. அதாவது, அவருக்குச் சொல்லவில்லை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனவன் அதற்குப் பிறகு இந்த வாசற்படி ஏறவில்லை.

“மாமா வாயால ‘உள்ளே வா’ன்னு சொன்னா வர்றேன். நீ கூப்பிட்டு வரமாட்டேன், அக்கா” என்று சொல்லிவிட்டான்.

“கதவு திறந்துதானே இருக்கு. பேண்டு வாத்தியம் வச்சு அழைச்சுட்டு வரணுமா?” என்பது அண்ணனின் நிலைப்பாடு.

ஆக, அக்காவும் தம்பியும் வருஷக்கணக்கில் தெருமுனை மருந்துக்கடை வாசலில்தான் பார்த்துக்கொண்டார்கள். அங்கே நின்றே குடும்பச் செய்திகள் எல்லாம் பரிமாறப்பட்டன. மருந்துக்கடைக்காரருக்கு எங்கள் குடும்பத்தைப் பற்றி என்னைவிட அதிகம் தெரியும். அண்ணி இதற்காக ஒருநாளும் கண்ணைக் கசக்கியதில்லை. அவர் அழுகிற ரகம் அல்ல, காத்திருக்கிற ரகம். அண்ணனுக்கு இந்த வித்தியாசம் விளங்கவில்லை.

இந்த வருஷம் வெயில் ஏற ஆரம்பித்தபோது, தம்பிக்கு வெளிநாட்டில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை கிடைத்தது. மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும். போனால் சில வருஷங்களுக்குத் திரும்ப முடியாது. அண்ணி மாடிக்கு வந்து என்னிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

“போறதுக்கு முன்னாடி என் வீட்டுல உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டுப் போகணும். மருந்துக்கடை வாசல்ல வச்சு அவனை நான் வழியனுப்ப மாட்டேன்.”

சொல்லிவைத்தாற்போல அந்த வாரத்தில்தான் ஹால் ஃபேனின் ரெகுலேட்டர் செத்தது.

முழுதாகச் செத்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்று முதல் நாலு வரை எங்கே திருப்பினாலும் ஃபேன் அசையாது. ஐந்தில் வைத்தால் கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்துவிடும் போலச் சுற்றும். காலண்டர் சுவரில் படபடவென்று அடித்துக்கொள்ளும், செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கம் சமையலறையில் போய் விழும். அண்ணனுக்கோ தும்மல் உடம்பு. ஐந்தாம் நம்பர் காற்றில் கால்மணி நேரம் படுத்தால் மூக்கு அடைத்து, மறுநாள் மைக்கில் அவர் சொல்கிற ஊர்ப் பெயர் எல்லாம் ஒரே ஊர்ப் பெயராகக் கேட்கும். எனவே வீட்டில் இரண்டே நிலைதான்: புயல், அல்லது புழுக்கம்.

“தம்பியைக் கூப்பிட்டா அஞ்சு நிமிஷ வேலைங்க” என்றார் அண்ணி.

“இந்த ஊர்ல அவன் ஒருத்தன்தான் எலெக்ட்ரீஷியனா?”

இல்லைதான். அண்ணன் ஒருவரை அழைத்து வந்தார். வந்தவர் போர்டின் திருகாணிகளைக் கழற்றி, மூடியை மெதுவாக முன்னால் இழுத்து, உள்ளே பார்த்தார். பச்சை நூலையும் சிவப்பு நூலையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மூடியை அப்படியே பழையபடி முடுக்கிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“இது அவர் கட்டின போர்டு சார். நூலைப் பார்த்தாலே தெரியுது. உங்க மச்சினன்தானே?”

“அதனால என்ன?”

“அவர் உள்ளூர்ல இருக்கும்போது, அவரோட அக்கா வீட்டு போர்டுல நான் கை வச்சா எப்படி சார்? நாளைக்கு அவர் முகத்துல நான் முழிக்க வேணாமா? அவரையே கூப்பிடுங்க.”

இரண்டாவதாக வந்தவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. முதலாமவர் சொல்லி வைத்திருந்தார். “டீ மட்டும் குடிச்சிட்டுப் போறேன் சார்” என்றார். குடித்தார், போனார். தொழிலில் இப்படி ஒரு கண்ணியம் இருப்பதை அண்ணன் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். பிடிக்கவில்லை.

“என்ன பெரிய வித்தை. ரெண்டு வயர், ஒரு திருகாணி. நானே மாத்திடுறேன்” என்று அறிவித்தார். மைக் இல்லாமலேயே அது மாடிவரை கேட்டது.

அண்ணி நாள்காட்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கோளாறைக் கண்டுபிடிக்கும் படலம் ஃபேனிலிருந்து தொடங்கியது. அண்ணன் ஸ்டூல் மீது ஏறி இறக்கைகளைக் கையால் சுற்றிப் பார்த்தார், சுற்றியது. “பேரிங் நல்லா இருக்கு” என்றார். பேரிங் கெட்டுவிட்டதாக யாரும் புகார் கொடுத்திருக்கவில்லை. அடுத்து, ஃபேனின் மேல்கிண்ணத்துக்குள் இருக்கும் கண்டென்சரைப் புதிதாக மாற்றினார். இப்போது ஐந்தாம் நம்பர் முன்னைவிட வேகமாகச் சுற்றியது, மற்ற நாலும் முன்னைப்போலவே சும்மா இருந்தன. கடைசியில்தான், ரெகுலேட்டர் கெட்டால் ரெகுலேட்டரை மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அங்கே வந்து சேர மூன்று ஞாயிற்றுக்கிழமை செலவானது.

எலெக்ட்ரிக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர், “பழைய சுத்துற மாடலா, ஸ்டெப் மாடலா?” என்று கேட்டார்.

“ரெண்டுக்கும் நடுவுல” என்றார் அண்ணன்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அலமாரியில் இருந்த பல்புகளை எண்ண ஆரம்பித்தேன். அவராகவே ஒரு ஸ்டெப் ரெகுலேட்டரை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் மெயினை அணைத்தார். அதில் குறை சொல்ல முடியாது. “யாரும் பக்கத்துல நிக்காதீங்க, கவனம் சிதறும்” என்று அண்ணியைச் சமையலறைக்கும் என்னை மாடிக்கும் அனுப்பினார். பிறகு போர்டைத் திறந்தார். உள்ளே இருந்ததெல்லாம் மஞ்சள். நுனியில் மட்டும் கறுப்பும் பச்சையும் சிவப்புமாக ஏதோ சுற்றியிருந்தது.

“நூல் நூலாத் தொங்குது. உன் தம்பி வேலை செஞ்ச லட்சணத்தைப் பாரு” என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கி, ஒரு தாளில் கூட்டி, குப்பையில் போட்டார். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் போர்டு சுத்தமாகிவிட்டது. ஒரே மஞ்சள். பார்க்கவும் ஒழுங்காக இருந்தது.

புது ரெகுலேட்டர் கொஞ்சம் பெரிது. அதை உள்ளே நுழைக்க எல்லா வயரையும் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றினார், மாட்டினார். எந்த வயர் எங்கே போக வேண்டும் என்று அவர் எப்படி முடிவு செய்தார் என்பதை நான் கேட்கவில்லை. பஸ் நேரத்தை எப்படி முடிவு செய்கிறார் என்றும் நான் கேட்டதில்லை.

மெயினைப் போட்டார். ஃபேன் சுவிட்சைத் தட்டினார். காலிங்பெல் அலறியது.

“யாரு வந்திருக்கான்னு பாரு” என்றார் அண்ணன்.

அண்ணி கதவைத் திறந்தார். யாரும் இல்லை. பெல் நிற்கவும் இல்லை. அண்ணன் ரெகுலேட்டரைக் குறைத்தார். அலறல் முனகலாக இறங்கியது. ஐந்துக்குத் திருப்பினார், மறுபடி அலறியது. ஃபேன் அசையவில்லை. இந்தச் சத்தத்தைக் கேட்டு நான் மாடியிலிருந்து இறங்கி வந்தேன்; என்னவோ ஏதோ என்று எதிர்வீட்டு டீச்சரும் ஓடி வந்தார். அண்ணன் சுவிட்சை அணைத்த நேரம் பார்த்து, முறைப்படி வெளியே நின்று பெல்லை அழுத்தினார். உள்ளே ஃபேன் சுற்றியது.

“பார்த்தியா, சுத்துது. கொஞ்சம் சூடாகணும், அவ்வளவுதான்” என்றார் அண்ணன்.

டீச்சர் கையை எடுத்தார். ஃபேன் நின்றது.

இதன் உட்பொருள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிடவில்லை. டீச்சருக்கு முதலில் விளங்கியது, அண்ணிக்கு அடுத்து, எனக்கு அதற்கும் அடுத்து. அண்ணனுக்கு எப்போது விளங்கியது என்று சொல்வதற்கில்லை. விளங்கினாலும் அவர் சொல்லப்போவதில்லை. ஃபேனுக்குப் போகிற வயரும் பெல்லுக்குப் போகிற வயரும் இடம் மாறியிருந்தன. இரண்டும் மஞ்சள்.

“திரும்பப் பிரிச்சு மாத்துங்களேன்” என்றேன்.

“சும்மா சும்மா பிரிக்கக் கூடாது. திருகாணி தேஞ்சிடும்” என்றார்.

சொன்ன நேரம் சொன்னதுதான்.

அதன்பின் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் வாசலில் நின்று பெல்லை அழுத்தி, சத்தம் வராததால் இன்னும் நன்றாக அழுத்தி, உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று வழங்கினார்கள். கூரியர்காரர் ஒருவர் கொஞ்சம் பொறுமைசாலி. அவர் வந்த அன்று அண்ணி நெற்றி வியர்வை காய்ந்த பிறகுதான் கதவைத் திறந்தார். “ஊருக்கெல்லாம் சுவிட்ச் உள்ளே, விசாரணை சார் வீட்டுக்கு மட்டும் தெருவுல” என்று டீச்சர் சொல்லிச் சிரித்தார். வெளியே போகும்போது தானாகவே ஒருமுறை அழுத்திவிட்டுப் போகவும் ஆரம்பித்தார். நல்ல மனசு.

மாதக் கடைசி நெருங்கியது. தம்பி கிளம்ப இன்னும் சில நாட்களே இருந்தன. அண்ணி இன்னொரு தடவை அண்ணனிடம் சொல்லிப் பார்த்தார்.

“ஒரு வார்த்தைங்க. ‘உள்ளே வா’. அதுக்கு மேல நீங்க எதுவும் சொல்ல வேணாம்.”

“ஃபேன் ரிப்பேருக்காக நான் கூப்பிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுவான்.”

“சொல்ல மாட்டான்.”

“உனக்குத் தெரியாது.”

அண்ணி மாடிக்கு வந்து என் போனை வாங்கினார். தன் போனை எடுத்துக்கொண்டு மாடியேறினால் அண்ணன் கவனித்துவிடுவாராம். மாடியில் பேசினால் கீழே கேட்காது என்பது இந்த வீட்டின் ஒரே வசதி.

“நாளைக்கு மாமாவுக்கு லீவு. மத்தியானம் வாசல் வரைக்கும் வா. பெல்லை அழுத்து. நான் சொல்ற வரைக்கும் கையை எடுக்காதே, வாயையும் திறக்காதே.”

அந்தப் பக்கம் ஏதோ கேட்டான்.

“நீ எலெக்ட்ரீஷியன்தானே? வந்தா உனக்கே புரியும்.”

மறுநாள் மத்தியானம் வெயில் வெளுத்து வாங்கியது. அண்ணன் ஹாலில் தரையில் பாய்கூட விரிக்காமல் பனியனோடு மல்லாந்து கிடந்தார், அசையாத ஃபேனைப் பார்த்தபடி. நான் துணி காயப்போடும் சாக்கில் மாடிப்படியின் திருப்பத்தில் நின்றிருந்தேன். அங்கிருந்து வாசலும் தெரியும், ஹாலும் தெரியும். காயப்போடத் துணி எதுவும் என்னிடம் இல்லை.

தம்பி வந்தான். கேட்டைச் சத்தமில்லாமல் திறந்தான். படிக்குக் கீழேயே நின்று கையை எட்டி நீட்டிப் பெல்லை அழுத்தினான். சத்தம் வரவில்லை. உள்ளே ஃபேன் கிளம்பும் ஓசை கேட்டது. அவன் தன் விரலைப் பார்த்தான். விரலை எடுத்தான், ஓசை இறங்கியது. மறுபடி அழுத்தினான், ஏறியது. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டான். ஆனால் விரலை எடுக்கவில்லை.

“அப்பாடா” என்றார் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு. “யாருங்க அது? டீச்சரா? நல்லா இருப்பீங்க. கையை மட்டும் எடுத்துடாதீங்க.”

ஐந்தாம் நம்பர் காற்று. காலண்டர் அடித்துக்கொண்டது. அண்ணன் கையையும் காலையும் நன்றாகப் பரப்பிக்கொண்டார். தும்மலைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இப்படியே கொஞ்ச நேரம் போனது. சமையலறை வாசலில் அண்ணி கரண்டியோடு நின்றிருந்தார். அங்கிருந்தபடியே ஜன்னல் வழியாகத் தம்பியைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

“மாமா, விரல் வலிக்குது” என்றான் தம்பி. “கை மாத்திக்கட்டுமா?”

அண்ணன் கண்ணைத் திறந்தார், எழுந்து உட்கார்ந்தார். அந்தக் குரலை அவர் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன, ஆனால் யார் என்று விசாரிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தம்பி விரலை எடுத்தான். ஃபேன் வேகம் குறைந்தது. ஒரே வட்டமாக இருந்தது மூன்று இறக்கைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு சுற்று காட்டிவிட்டு நின்றது. புழுக்கம் மறுபடி வந்து உட்கார்ந்தது.

அண்ணன் ஃபேனைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற அண்ணியைப் பார்த்தார். அண்ணி அவரைப் பார்க்காமல் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு நேரம்தான் வெயில்ல நிப்பே” என்றார் அண்ணன், கதவைப் பார்த்து. பனியனை இழுத்து விட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். மைக்குக்கு முன்னால் அவர் இவ்வளவு சிரமப்பட்டதில்லை. “உள்ளே வா.”

தம்பி அசையாமல் நின்றான்.

“வாடா. வந்து இந்தக் கருமத்தைப் பாரு. உன் வயரிங்தானே.”

அவன் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினான். அண்ணி சமையலறைக்குள் திரும்பினார். அன்று காலையிலிருந்தே அடுப்பில் ஒரு ஆளுக்கு அதிகமாக வெந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

மெயினை அணைத்து, போர்டைத் திறந்ததும் தம்பி கேட்டான், “நூல் எங்க, மாமா?”

“எந்த நூல்?”

“ஒவ்வொரு வயர்லயும் கலர் நூல் கட்டியிருந்தேனே.”

“அதுவா. குப்பையா தொங்கிச்சு, சுத்தம் பண்ணிட்டேன்.”

தம்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அண்ணி தையல் பெட்டியைக் கொண்டுவந்து அவன் முன்னால் டக்கென்று வைத்தார். அவன் வாயை மூடிக்கொண்டான். வாய் நீளம் குறைந்திருந்தது, அல்லது பசியாக இருந்திருக்கும்.

“சரி மாமா. ஒவ்வொண்ணா தேடித்தான் பிடிக்கணும். நீங்க வெளியே போய் நின்னு, நான் சொல்லும்போது பெல்லை அழுத்துங்க.”

அப்படித்தான் என் அண்ணன் தன் சொந்த வீட்டு வாசலில், வெயிலில், பனியனோடு நின்று பெல்லை அழுத்தினார்.

“அழுத்தட்டுமா?”

“இருங்க மாமா.”

“இப்ப?”

“இருங்கன்னு சொன்னேன்ல.”

தெருவில் போன காய்கறி வண்டிக்காரர் நின்று பார்த்தார். “விசாரணை சார், யாரைத் தேடுறீங்க?”

“என் வீடுதான்யா. நீ போ.”

உள்ளிருந்து “அழுத்துங்க” என்று குரல் வந்தது. அழுத்தினார். பெல் அடித்தது. பெல் அடித்ததற்காக ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. பிறகு தம்பி ரெகுலேட்டரை ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒவ்வொரு படியாகத் திருப்பிக் காட்டினான். ஃபேன் சொன்னபடி கேட்டது. பச்சை நூலையும் சிவப்பு நூலையும் கறுப்பு நூலையும் புதிதாகச் சுற்றிக் கட்டினான். அண்ணன் பக்கத்தில் நின்று, எது எது என்று வாய்விட்டுக் கேட்காமல் பார்த்து வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நம்பர் காற்றில் உட்கார்ந்து எல்லாரும் சாப்பிட்டோம். அண்ணி தம்பியின் தட்டில் மறுபடி மறுபடி வைத்துக்கொண்டே இருந்தார். அவன் போதும் என்று சொல்லவில்லை.

அந்த வாரமே அவன் கிளம்பிப் போனான். விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்து, அண்ணி ஹாலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். யாரையும் பார்க்காமல், “இனி எப்ப வருவானோ” என்றார். அது கேள்விகூட இல்லை. ஆனால் வருகிற நேரம், போகிற நேரம் பற்றி யார் எது கேட்டாலும் பதில் சொல்லியே பழகிய வாய் அங்கே இருந்தது. அண்ணன் வாயைத் திறந்தார். ஒரு தேதி வரப்போகிறது என்றுதான் நான் நினைத்தேன்.

“தெரியலையே” என்றார்.

அண்ணி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அண்ணன் எழுந்து போய் ஃபேனை இரண்டில் வைத்துவிட்டு, அண்ணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

மறுநாளே அண்ணன் தேறிவிட்டார். எதிர்வீட்டு டீச்சர் தன் வீட்டில் புதிதாக வயரிங் செய்யப்போவதாகச் சொன்னதும் கேட்டுக்கு அந்தப் பக்கமே அவரை நிறுத்தி வைத்துக்கொண்டு பேசினார்.

“கலர் கலரா வயர் போடச் சொல்லுங்க, டீச்சர். சுவருக்குள்ளதானேன்னு விட்டுடக் கூடாது. என் மச்சினன்கிட்ட நான் அப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டாத்தானே.”